ஐந்தாவதாக வந்த நிறைவெண்

வா கண்ணு, உட்கார். ரஃப் நோட்டையும் பென்சிலையும் பக்கத்தில் வைத்துக்கொள். இன்று உனக்கு ஓர் எண்ணை அறிமுகம் செய்து வைக்கப் போகிறேன்.

33550336.

எட்டு இலக்கம். ஒரே மூச்சில் படிக்க வரவில்லையா? வலது ஓரத்திலிருந்து மூன்று இலக்கம் தள்ளி ஒரு காற்புள்ளி போடு. அப்புறம் இரண்டிரண்டு இலக்கமாகப் போடு. 3,35,50,336. இப்போது வாய்க்குள் வந்துவிடும். மூன்று கோடியே முப்பத்தைந்து லட்சத்து ஐம்பதாயிரத்து முந்நூற்று முப்பத்தாறு.

பார்த்தால் ஒரு விசேஷமும் தெரியாது. ஆனால் 1-இல் தொடங்கி இந்த எண் வரைக்கும் வரிசையாக எண்ணிக்கொண்டே வந்தால், இந்த மூன்று கோடிக்கும் மேற்பட்ட எண்களில் ஐந்தே ஐந்துக்குத்தான் ஒரு தனிப் பெருமை உண்டு. அந்த ஐந்தில் கடைசியாக வருவது இது. முதல் நான்கையும் பார்த்துவிட்டுப் பெரிய பெரிய அறிஞர்கள் ஒரு முடிவுக்கு வந்தார்கள். அந்த முடிவு தப்பு என்று காட்டியது இந்த ஐந்தாவது எண்.

அது என்ன பெருமை? அதைத் தெரிந்துகொள்ள எட்டு இலக்கம் வேண்டாம். ஒரே ஓர் இலக்கம் போதும். 6-ஐ எடுத்துக்கொள்வோம்.

6-ஐ எந்தெந்த எண்ணால் வகுத்தால் மீதி வராது? 1, 2, 3, 6. இவற்றை 6-இன் வகுத்திகள் என்கிறோம். பள்ளியில் படித்திருப்பாய். இப்போது அந்த 6-ஐ மட்டும் விட்டுவிடு. மிச்சமிருக்கும் 1, 2, 3 மூன்றையும் கூட்டு.

1 + 2 + 3 = 6.

அட, 6 திரும்பவும் 6-ஆகவே வந்துவிட்டது! எல்லா எண்ணும் இப்படித்தானா? சோதித்துப் பார்த்துவிடுவோம்.

8-ஐ எடு. 8-ஐ விட்டுவிட்டால் வகுத்திகள் 1, 2, 4. கூட்டினால் 7. ஒன்று குறைகிறது. 12-ஐ எடு. வகுத்திகள் 1, 2, 3, 4, 6. கூட்டினால் 16. நான்கு கூடிவிட்டது.

இப்படிக் கூட்டுத்தொகை குறைந்தால் அது குறைவெண். கூடினால் மிகைவெண். கூடாமல் குறையாமல் அதே எண் வந்தால் அது நிறைவெண். உலகத்தில் உள்ள எந்த முழு எண்ணையும் இந்த மூன்று பெட்டியில் ஒன்றில் போட்டுவிடலாம். புரிந்ததா?

அப்படியானால் ஒரு சின்னக் கேள்வி. 7, 11, 13 போன்ற பகா எண்கள் எந்தப் பெட்டிக்குப் போகும்? யோசி. பகா எண்ணுக்குத் தன்னையும் 1-ஐயும் தவிர வேறு வகுத்தியே கிடையாது. தன்னை விட்டுவிட்டால் மிஞ்சுவது 1 மட்டும். ஆகவே பகா எண் எல்லாமே குறைவெண்தான். சரியாகச் சொன்னாய், கெட்டிக்காரப் பிள்ளை!

இப்போது நீயே 7-இலிருந்து மேலே ஏறிக்கொண்டு போ. 10-க்கு 8 வரும். 18-க்கு 21 வரும். 20-க்கு 22 வரும். 24-க்கு 36 வரும். குறைகிறது, கூடுகிறது, குறைகிறது, கூடுகிறது. 28-இல் வந்து நில்.

1 + 2 + 4 + 7 + 14 = 28.

இரண்டாவது நிறைவெண் கிடைத்துவிட்டது. மூன்றாவது எங்கே என்கிறாயா? கொஞ்ச தூரம் நடக்க வேண்டும். 496. நான்காவது இன்னும் தள்ளி, 8128.

இந்த நான்கு எண்களும் ஏறக்குறைய இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே கணிதம் படித்தவர்களுக்குத் தெரியும். ஏறக்குறைய கி.பி. 100-இல் நிக்கோமாக்கஸ் என்று ஒரு கிரேக்க அறிஞர் இருந்தார். இன்றைக்கு ஜோர்டான் நாட்டில் உள்ள ஜெராஷ்தான் அவருடைய ஊர். குறைவெண், மிகைவெண், நிறைவெண் என்று பிரித்து ஒரு புத்தகத்தில் அவர் விளக்கமாக எழுதினார். மிகைவெண்ணை நூறு கை முளைத்த விநோதப் பிராணி என்றும், குறைவெண்ணை ஒற்றைக் கண் பிராணி என்றும் வர்ணித்தவர் அவர். எண்களோடு அவ்வளவு பிரியமாகப் பழகிய மனிதர்!

அந்த நான்கு நிறைவெண்களையும் அவர் உற்றுப் பார்த்தார். நீயும் பார்.

6
28
496
8128

ஏதாவது ஒழுங்கு தெரிகிறதா? அவசரப்படாதே. நன்றாகப் பார்.

முதலாவது ஓர் இலக்கம். இரண்டாவது இரண்டு இலக்கம். மூன்றாவது மூன்று இலக்கம். நான்காவது நான்கு இலக்கம்! கடைசி இலக்கங்களையும் பார். 6, 8, 6, 8. மாறி மாறி வருகின்றன.

சரி, இப்போது ஐந்தாவது நிறைவெண் எப்படி இருக்கும் என்று ஊகித்துச் சொல். ஐந்து இலக்கம், கடைசியில் 6. அப்படித்தானே நினைத்தாய்? நிக்கோமாக்கஸும் அப்படித்தான் நினைத்தார். ஒவ்வோர் இலக்க எண்ணிக்கைக்கும் ஒரு நிறைவெண், கடைசியில் 6-ம் 8-ம் மாறி மாறி வரும் என்று எழுதி வைத்தார். அவருக்குப் பின் வந்தவர்களும் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் அதையே திருப்பித் திருப்பி எழுதினார்கள்.

ஆனால் 10000 முதல் 99999 வரை எத்தனை தடவை சலித்துப் பார்த்தாலும் ஒரு நிறைவெண்கூட அகப்படாது. ஆறு இலக்கத்திலும் கிடையாது. ஏழு இலக்கத்திலும் கிடையாது. 8128-க்கு அடுத்த நிறைவெண் எட்டு இலக்கத்தில்தான் இருக்கிறது. அதுதான் நம் 33550336.

நான்கு எண்களில் கண்ட ஒழுங்கு ஐந்தாவதில் நிற்கவில்லை. ஒழுங்கைக் கண்டுபிடித்ததில் தப்பே இல்லை, தங்கமே. உற்றுப் பார்க்கத் தெரிந்த பிள்ளைக்குத்தான் அது தெரியும். நான்கு பார்த்துவிட்டு, இனிமேல் எல்லாமே இப்படித்தான் என்று சொன்னார்கள் பார், அங்கேதான் சறுக்கல்.

சரி, இவ்வளவு பெரிய எண்ணை எப்படித் தேடிப் பிடித்தார்கள்? ஒவ்வோர் எண்ணாகச் சோதித்திருந்தால் ஆயுள் போதாது. அதற்கு ஒரு வழி இருக்கிறது. நிக்கோமாக்கஸுக்கு நானூறு ஆண்டுகள் முன்னால் வாழ்ந்த யூக்ளிட் சொல்லிக்கொடுத்த வழி. உன் வடிவியல் பாடத்தில் வருகிற அதே யூக்ளிட்தான். எலிமெண்ட்ஸ் என்ற அவருடைய நூலில் ஒன்பதாம் புத்தகத்தின் கடைசித் தேற்றம் இது. பென்சிலை எடு, நாமே செய்து பார்ப்போம்.

1-இல் தொடங்கு. இரட்டித்துக்கொண்டே போ. 1, 2, 4, 8, 16, 32, 64... இவற்றை முதலிலிருந்து கூட்டிக்கொண்டே வா. கூட்டுத்தொகை பகா எண்ணாக வரும்போது நில். அந்தக் கூட்டுத்தொகையைக் கடைசியாகச் சேர்த்த எண்ணால் பெருக்கு. நிறைவெண் கிடைக்கும்.

1 + 2 = 3. பகா எண். கடைசியாகச் சேர்த்தது 2. 3 × 2 = 6. வந்துவிட்டது!

1 + 2 + 4 = 7. பகா எண். 7 × 4 = 28. வந்துவிட்டது!

8-ஐயும் சேர்த்தால் 15. இது பகா எண் இல்லை, மூவைந்து பதினைந்து. அதனால் தாண்டிப் போ. தாண்டாமல் பெருக்கினால் என்ன ஆகும்? 15 × 8 = 120. 120-இன் வகுத்திகளைக் கூட்டினால் 240 வரும். இரண்டு மடங்கு! பகா எண்ணாக இருந்தால்தான் பெருக்க வேண்டும் என்று யூக்ளிட் சொன்னது ஏன் என்று இப்போது தெரிகிறதா?

16-ஐச் சேர்த்தால் 31. பகா எண். 31 × 16 = 496. 32-ஐச் சேர்த்தால் 63, ஆகாது. 64-ஐச் சேர்த்தால் 127. பகா எண். 127 × 64 = 8128.

இதுவரைக்கும் எத்தனை எண்களைக் கூட்டும்போது நமக்கு வெற்றி கிடைத்தது? இரண்டு எண், மூன்று எண், ஐந்து எண், ஏழு எண். 2, 3, 5, 7. எல்லாமே பகா எண்கள்!

அப்படியானால் அடுத்த வெற்றி பதினொன்றில்தானே வர வேண்டும்? 1-இலிருந்து 1024 வரை பதினொரு எண்களைக் கூட்டினால் 2047. இது பகா எண்ணா? 3-ஆல் வகுபடாது. 5, 7, 11, 13, 17, 19 எதனாலும் வகுபடாது. பார்த்துக்கொண்டே வந்தவர் இந்த இடத்தில் நிறுத்தியிருந்தால் ஏமாந்திருப்பார். அடுத்த பகா எண் 23. வகுத்துப் பார். 23 × 89 = 2047. மீதியே இல்லை!

மறுபடியும் நான்கு இடத்தில் நின்ற ஒழுங்கு ஐந்தாவது இடத்தில் உடைந்துவிட்டது, பார்த்தாயா? 2047 உடையும் என்று 1536-ஆம் ஆண்டில் ரேஜியஸ் என்ற ஐரோப்பிய அறிஞர் புத்தகத்திலேயே அச்சிட்டுக் காட்டினார்.

பன்னிரண்டு எண்களைக் கூட்டினால் 4095. கடைசியில் 5 இருக்கிறது, ஆகாது. பதின்மூன்று எண்களைக் கூட்டினால் 8191.

இங்கேதான் கொஞ்ச நேரம் உட்கார வேண்டும். 8191 பகா எண்ணா?

90-ஐ 90-ஆல் பெருக்கினால் 8100. 91-ஐ 91-ஆல் பெருக்கினால் 8281. ஆகவே 8191 உடையுமானால், இரண்டு துண்டில் ஒன்றாவது 90-க்குள் இருந்தாக வேண்டும். இரண்டுமே 91 அல்லது அதற்கு மேல் இருந்தால் பெருக்குத்தொகை 8191-ஐத் தாண்டிவிடும் அல்லவா? அதனால் 90-க்குள் இருக்கும் பகா எண்களால் மட்டும் வகுத்துப் பார்த்தால் போதும். அவை மொத்தம் இருபத்து நான்கு.

முதலில் ஒரு சுவையான சங்கதி. 8191-க்கு முந்தைய எண் 8190. அது 2-ஆல் வகுபடும். 3-ஆல் வகுபடும். 5, 7, 13 எல்லாவற்றாலும் வகுபடும். அப்படியானால் 8191-ஐ இந்த ஐந்தில் எதனால் வகுத்தாலும் மீதி 1. ஒரே அடியில் ஐந்து எண் முடிந்தது! 11-ஆல் வகுத்தால் மீதி 7. 17-ஆல் வகுத்தால் 14. 19-ஆல் வகுத்தால் 2. 23-ஆல் வகுத்தால் 3. மிச்சத்தை நீ போட்டுப் பார். கடைசி எண் 89. அதிலும் மீதி 3 வரும்.

இருபத்து நான்கு வகுத்தல் நீளம் என்கிறாயா? பிரான்ஸ் நாட்டின் பியேர் ஃபெர்மாவுக்கு அதில் ஒரு குறுக்கு வழி தெரிந்திருந்தது. 1640-இல் கடிதத்தில் எழுதினார். பதின்மூன்று எண்களைக் கூட்டி வந்தது 8191. பதின்மூன்றின் இரண்டு மடங்கு 26. 8191-ஐ ஒரு பகா எண் வகுக்குமானால், அந்தப் பகா எண்ணை 26-ஆல் வகுத்தால் மீதி 1 வந்தே ஆக வேண்டும். 27, 53, 79 என்று போகும் அந்த வரிசையில் 27 பகா எண் இல்லை. 90-க்குள் மிஞ்சுவது 53-ம் 79-ம் மட்டும். 53-ஆல் வகுத்தால் மீதி 29. 79-ஆல் வகுத்தால் மீதி 54. முடிந்தது வேலை! இரண்டே வகுத்தலில் 8191 பகா எண் என்று தெரிந்துவிட்டது.

இதே வழியை 2047-க்கும் போட்டுப் பாரேன். பதினொன்றின் இரண்டு மடங்கு 22. 22-ஓடு 1 சேர்த்தால் 23! அதுதான் அதை உடைத்த எண். இந்த இடத்தைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு எழுந்து நின்று கைதட்டத் தோன்றும்.

சரி, யூக்ளிட் வழியில் இனிப் பாக்கி இருப்பது பெருக்கல்தான். 8191 × 4096 = 33550336. நம் எண் பிறந்துவிட்டது.

ஆனால் நீ நம்பிவிடக் கூடாது. இது உண்மையிலேயே நிறைவெண்தானா? வகுத்திகளை எழுதிப் பார்த்துவிடுவோம். இரண்டு கூட்டமாக எழுதலாம்.

முதல் கூட்டம்: 1, 2, 4, 8, 16, 32, 64, 128, 256, 512, 1024, 2048, 4096. பதின்மூன்று எண்கள். கூட்டினால் 8191 என்று ஏற்கெனவே பார்த்தோம்.

இரண்டாவது கூட்டம், 8191-இன் வாரிசுகள்: 8191, 16382, 32764, 65528, 131056, 262112, 524224, 1048448, 2096896, 4193792, 8387584, 16775168. பன்னிரண்டு எண்கள். 8191 பகா எண் என்பதால் வேறு வகுத்தி நடுவில் நுழைய வழியில்லை. ஆக, தன்னை விட்டுவிட்டால் இருபத்தைந்து வகுத்திகள்.

இவற்றைக் கூட்ட வேண்டும். கால்குலேட்டர் தேட வேண்டாம். ஒரு மாம்பழத்தை நினைத்துக்கொள். சரிபாதி நறுக்கிச் சாப்பிடுகிறாய். மிச்சம் பாதி. அதில் பாதியைச் சாப்பிடுகிறாய். மிச்சம் கால். அதில் பாதியைச் சாப்பிட்டால் மிச்சம் அரைக்கால். ஒவ்வொரு தடவையும் கடைசியாகச் சாப்பிட்ட துண்டு எவ்வளவோ, அவ்வளவே தட்டில் மிச்சமிருக்கும். சரிதானே?

இரண்டாவது கூட்டத்தைக் கடைசியிலிருந்து பார். 16775168 நம் எண்ணில் சரிபாதி. 8387584 அதில் பாதி. 4193792 அதிலும் பாதி. இப்படியே நறுக்கிக்கொண்டு வந்தால் கடைசித் துண்டு 8191. அதையும் சாப்பிட்டாகிவிட்டது. தட்டில் மிச்சம் எவ்வளவு? அதே 8191!

முதல் கூட்டத்தின் கூட்டுத்தொகை எவ்வளவு? அதுவும் 8191!

மிச்சமிருந்த இடத்தில் முதல் கூட்டம் அப்படியே வந்து உட்கார்ந்துகொள்கிறது. ஒன்று கூடவில்லை, ஒன்று குறையவில்லை. மூன்று கோடியைத் தாண்டிய எண்ணை நாம் பெரிய கூட்டல் ஒன்றும் போடாமலே சரிபார்த்துவிட்டோம். இந்தப் பத்தியை இன்னொரு தடவை படித்துவிட்டு வா, அவசரமில்லை. 28-க்கும் இதே போல் செய்து பார்: 14, 7, மிச்சம் 7. அந்த 7 என்பது 1 + 2 + 4.

வந்துவிட்டாயா? இனி இந்த எண்ணின் மற்றக் குணங்களையும் கொஞ்சம் பார்ப்போம்.

அதன் எட்டு இலக்கங்களையும் கூட்டு. 3 + 3 + 5 + 5 + 0 + 3 + 3 + 6. எவ்வளவு வந்தது? 28. இரண்டாவது நிறைவெண்! எனக்கு இது மிகவும் பிடித்த இடம். ஆனால் எல்லா நிறைவெண்ணிலும் இப்படி வராது. 496-இன் இலக்கங்களைக் கூட்டினால் 19-தான். விடாமல் மேலும் கூட்டினால், 28-க்கு 2 + 8 = 10, பிறகு 1 + 0 = 1. 19-க்கும் 1 + 9 = 10, பிறகு 1. யூக்ளிட் வழியில் பிறக்கும் நிறைவெண்களில் 6-ஐத் தவிர மற்ற அத்தனையும் கடைசியில் 1-இல்தான் வந்து நிற்கும். இது நாலைந்து எண்ணைப் பார்த்துவிட்டுச் சொன்னது இல்லை. எல்லாவற்றுக்கும் சேர்த்து நிரூபித்தது.

அடுத்து, இது ஒரு முக்கோண எண். முதல் வரிசையில் ஒரு புள்ளி வை. இரண்டாவது வரிசையில் இரண்டு, மூன்றாவதில் மூன்று. மூன்று வரிசை வைத்தால் 6 புள்ளி. ஏழு வரிசை வைத்தால் 28. இப்படியே 8191 வரிசை வைத்தால் மொத்தம் 33550336 புள்ளிகள்.

கன எண்களிலும் இது ஒளிந்திருக்கிறது. 1 × 1 × 1 = 1. 3 × 3 × 3 = 27. இரண்டையும் கூட்டு, 28. அதோடு 5-இன் கனம் 125-ஐயும் 7-இன் கனம் 343-ஐயும் சேர், 496 வரும். ஒற்றைப்படை எண்களின் கனங்களை இப்படியே 127 வரைக்கும் கூட்டிக்கொண்டு போனால் வருவது 33550336. முதல் நிறைவெண் 6 மட்டும் இந்த விளையாட்டில் சேராது.

கணினிக்குத் தெரிந்த இலக்கம் 0-ம் 1-ம் மட்டும் என்று கேள்விப்பட்டிருப்பாய். அந்த இரும முறையில் 6 என்பது 110. 28 என்பது 11100. நம் எண்ணை எழுதினால் பதின்மூன்று ஒன்றுகள் வரிசையாக நிற்கும், அவற்றுக்குப் பின்னால் பன்னிரண்டு பூச்சியங்கள் நிற்கும். 1111111111111000000000000. நம் பத்து இலக்க முறையில் கலைந்து கிடக்கும் எண் இங்கே எவ்வளவு ஒழுங்காக இருக்கிறது!

இந்த எண்ணை முதலில் கண்டவர் யார்? 13-ஆம் நூற்றாண்டில் இப்ன் ஃபல்லூஸ் என்ற அரபுக் கணித அறிஞர் பத்து நிறைவெண்கள் என்று ஒரு பட்டியல் எழுதினார். அதில் முதல் ஏழும் சரி. கடைசி மூன்று தப்பு. ஐரோப்பாவில் இந்த எண் 15-ஆம் நூற்றாண்டுக் கையெழுத்துப் படி ஒன்றில் இருக்கிறது. எழுதியவர் பெயர் அதில் இல்லை. இவ்வளவு அழகான எண்ணை ஏட்டில் எழுதிவிட்டுப் பெயர் போடாமல் போயிருக்கிறார்!

ஐந்தாவது கிடைத்த பிறகும், 6, 8, 6, 8 என்ற அந்த மாறி மாறி வரும் ஒழுங்குக்கு உயிர் இருந்தது. ஐந்தாவது 6-இல்தானே முடிகிறது? ஆறாவது 8-இல் முடிய வேண்டும். இத்தாலியில் பொலோஞா நகரத்துக் கட்டால்டி 1588-இல் ஆறாவதைப் பிடித்தார். 8589869056. கடைசி இலக்கத்தைப் பார். மறுபடியும் 6! அந்த ஒழுங்கும் போயிற்று. ஏழாவதையும் அவரே பிடித்தார். 137438691328. இவற்றுக்காக அவர் 750 வரைக்கும் பகா எண் அட்டவணை தயாரித்து, ஒவ்வொன்றாகக் கையால் வகுத்துப் பார்த்தார். கணினி இல்லை, கால்குலேட்டர் இல்லை. மைத்தூவலும் காகிதமும்தான்.

அவ்வளவு பொறுமைசாலி, அடுத்த படியில் வகுத்துப் பார்க்காமல் ஊகித்துவிட்டார். 23, 29, 31, 37 எண்களைக் கூட்டினாலும் பகா எண்தான் வரும் என்று எழுதினார். 23 எண்களைக் கூட்டினால் 8388607. ஃபெர்மாவின் வழி நினைவிருக்கிறதா? 23-இன் இரண்டு மடங்கு 46, அதோடு 1 சேர்த்தால் 47. வகுத்துப் பார், மீதியில்லாமல் போகும். 29-ம் 37-ம் அப்படியே உடைந்தன. கட்டால்டி சொன்ன நான்கில் 31 ஒன்றுதான் நின்றது. அந்த 31 எண்களின் கூட்டுத்தொகை பகா எண்தான் என்று 18-ஆம் நூற்றாண்டில் ஆய்லர் என்ற கணித அறிஞர் நிரூபித்தார். எட்டாவது நிறைவெண் அதிலிருந்து பிறந்தது. இரட்டைப்படை நிறைவெண் எதுவானாலும் யூக்ளிட் வழியில்தான் பிறக்க முடியும், வேறு வழியே கிடையாது என்று நிரூபித்தவரும் அவர்தான்.

இப்போது இந்த வேட்டையைக் கணினிகள் செய்கின்றன. 1996-இல் தொடங்கிய ஒரு கூட்டு முயற்சியில் உலகெங்கும் ஆர்வலர்கள் தங்கள் கணினிகளின் ஓய்வு நேரத்தை இதற்குக் கொடுக்கிறார்கள். 2024 அக்டோபரில் லூக் டுரான்ட் என்ற அமெரிக்கர் இப்படி ஒரு பகா எண்ணைக் கண்டார். அதற்கு மட்டும் 4,10,24,320 இலக்கங்கள்! எண் அல்ல கண்ணு, இலக்கங்களின் எண்ணிக்கைதான் நான்கு கோடி. அதிலிருந்து பிறந்த நிறைவெண்ணுக்கு எட்டுக் கோடிக்கும் மேற்பட்ட இலக்கங்கள். அது கண்டுபிடித்தவற்றில் 52-ஆவது.

இந்த 52-ம் இரட்டைப்படை எண்கள். ஒற்றைப்படையில் ஒரு நிறைவெண் உண்டா? இது வரைக்கும் ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. இருந்தால் அதற்கு 1500 இலக்கங்களுக்கு மேல் இருக்க வேண்டும் என்று 2012-இல் நிரூபித்திருக்கிறார்கள். ஆனால் இருக்கவே முடியாது என்று எவரும் நிரூபிக்கவில்லை. 52-ஐப் பார்த்தாயிற்றே, போதாதா என்று கேட்கமாட்டாய் அல்லவா? நான்கைப் பார்த்துச் சொன்னவர்கள் கதை உனக்குத்தான் தெரியுமே.

உனக்கு ஒரு வேலை கொடுக்கிறேன். ஒற்றைப்படை எண்களை மட்டும் எடுத்துக்கொள். 9-க்கு 4 வரும். 15-க்கு 9 வரும். 45-க்கு 33 வரும். 105-க்கு 87 வரும். எல்லாம் குறைவெண்கள். நூறு எண் போட்டாலும் குறைவெண்தான், இருநூறு போட்டாலும் குறைவெண்தான். ஒற்றைப்படை என்றாலே குறைவெண்தான் போலிருக்கிறது என்று சொல்லிவிடத் தோன்றும். சொல்லிவிடுவதற்கு முன் 945-ஐ எடு. அதை விட்டுவிட்டால் அதற்குப் பதினைந்து வகுத்திகள். ஒன்றுகூட விடாமல் எழுதிக் கூட்டிப் பார்த்து, எவ்வளவு வந்தது என்று எனக்கு எழுது.